சுண்ணாம்புக்கல் என்று எழுதியிருந்த பெட்டி

அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

நீ தூங்கவில்லை. கவிழ்ந்த கன்டெய்னரைச் சோதித்த அதிகாரியின் அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. நேற்று முன்பகல் சென்னையில் அவருடைய அலுவலகத்திலேயே உட்கார்ந்து, கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகலை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

பெட்டியின் தரையில், நடுவிலிருந்து இடப்பக்கச் சுவர் வரைக்கும் இழுபட்ட கீறல்கள் இருக்கின்றனவாம். வண்டி முதலில் சாய்ந்திருந்தால் உள்ளே இருந்த இரும்புப் பீப்பாய்கள் விழுந்திருக்கும், தரையைத் தேய்த்துக்கொண்டு போயிருக்காது. ஆக, பீப்பாய்கள் நகர்ந்தன, அந்தப் பாரம் வண்டியைச் சாய்த்தது. வளைவுக்கு முன்பே உன் சக்கரங்கள் பிரேக் பிடித்த தடமும் தாரில் நேராக இருந்திருக்கிறது. தூங்குகிறவன் பிரேக் மிதிப்பானா?

இதை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

கடல் பொங்கி வந்த மார்கழிக்கு அடுத்த கோடை அது. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய வளைவில் கன்டெய்னர் லாரி ஒன்று கவிழ்ந்துவிட்டது என்று திண்டிவனத்தில் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். "டிரைவர் தூங்கிட்டான் சார், வேற இன்னா" என்றார் எடுத்தவர். 'ஓட்டுநர் கண் அயர்ந்ததால் விபத்து' என்று நாலு வரி எழுதி அனுப்பினேன். இருபத்தேழு வருஷமாக நிருபராக இருக்கிறவன், ஓட்டுநரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. என் தங்கச்சி அஞ்சலை அழுதுகொண்டே போன் செய்தபோதுதான் அது நீ என்று தெரிந்தது. அதற்குள் பேப்பர் அச்சுக்குப் போயிருந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில், விலா எலும்புகள் நொறுங்கிக் கிடந்த நீ என்னைப் பார்த்ததும் சிரித்தாய்.

"நீதான் எழுதினியாமே மச்சான்? அஞ்சலை படிச்சிக் காட்டுனா."

நான் ஸ்டூலை உன் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கூனிமேட்டுல டீ குடிச்சிட்டுதான் வர்றேன். சக்கர ஜாஸ்தின்னு சண்ட போட்டேன், அவன வேணா கேளு. மாடு குறுக்க வந்துது, பிரேக் போட்டேன். பின்னாடி பொட்டிக்குள்ள இன்னாமோ நவுந்துச்சிடா. நான் தூங்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "திருத்தி எழுதிடு, இன்னா?" என்றாய்.

மறுநாள் போய்விட்டாய். டீக்கடைக்காரர் உன்னை மறக்கவில்லை, மச்சான். சண்டையையும்தான்.

நீ அன்று அந்த வளைவில் செய்ததை உப்பளத்து ஆட்கள் ஒவ்வொருவராக எனக்குச் சொன்னார்கள். பெட்டியின் கதவு பிளந்து, இரண்டு பீப்பாய்களின் மூடி திறந்து, சாம்பல் நிறக் கற்கள் பாத்தியின் வரப்பு வரைக்கும் சிதறிக் கிடந்திருக்கின்றன. ஈர மண்ணில் விழுந்தவை புகைந்தன. உன்னை கேபினிலிருந்து இழுத்து வெளியே கிடத்தியதும், அந்த வாடையை நீ பிடித்துவிட்டாய். லாரிக்கு வருவதற்கு முன்னால் நீ வெல்டிங் பட்டறையில் இருந்தது அன்று ஊரைக் காத்தது.

"தண்ணி கொண்டாராதீங்க! கார்பைடு இது!"

குடத்தோடு ஓடிவந்த பெண் நிற்கவில்லையாம். "பொகையிற எடத்துல தண்ணி ஊத்தாம பன்னீரா தெளிப்பாங்க?" என்றாளாம்.

"ஊத்துனியானா உன் காரியத்துக்குத்தான் பன்னீர் வாங்கணும். தண்ணி பட்டா கேஸ் வரும், பத்திக்கும். டேய், எவன்டா அங்க பீடி? அணைடா!"

பக்கத்துப் பாத்தியில் உப்புத்தண்ணீர் நிறைந்து நின்றது. கால்வாய் மடையை அடைக்கச் சொன்னாய். மேற்கு வரப்பை உடைத்துத் தண்ணீரை வடிய விடச் சொன்னாய். பாத்திக்காரர் தயங்கியிருக்கிறார்: "வார்ற பதத்துல இருக்குது உப்பு, போயிடுமேய்யா."

"உப்பு திரும்ப வெளையும். நீ வெளைவியா?"

உடைத்துவிட்டார்கள். மடை அடைப்பதிலும் வரப்பு உடைப்பதிலும் அவர்களை மிஞ்ச ஆள் உண்டா? தீயணைப்பு வண்டி வந்தபோது பாத்தி வறண்டு கிடந்தது. ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. "இப்பவும் அத சொல்லிச் சொல்லி சிரிப்போம், அப்பறம் அழுவோம்" என்றாள் அந்தக் குடக்காரி.

சரி, பீப்பாய்கள் ஏன் நகர்ந்தன? அதற்குத்தான் இத்தனை மாதம் அலைந்தேன்.

பூட்டி முத்திரை போட்ட பெட்டியைத்தான் உன் வண்டியில் ஏற்றினார்கள். உள்ளே அடுக்கியது யார் என்று விசாரித்தால், நம்ம மரக்காணத்து உப்பு மூட்டை ஆட்கள். மேஸ்திரி தனகோட்டியைத் தேடிப் போனேன். உன் சாவுக்குப் பாடை தூக்கியவரில் அவரும் ஒருவர்.

"உப்பு மூட்ட அடுக்கற மாரியே அடுக்கிட்டோம் சார். முன்னாடி நெருக்கி, ரெண்டு வரிச. மூட்டைக்கு கயிறு கட்ட மாட்டோம். ஈரத்துல ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கும், எந்த வளைவுலயும் அசையாது. பீப்பாவும் அப்பிடித்தான் நிக்கும்னு நெனச்சோம்."

"உள்ளே என்னன்னு கேக்கலையா?"

"கேட்டோம். சுண்ணாம்புக்கல்லுன்னாங்க. பேப்பர்லயும் அதான் இருக்குதுன்னாங்க."

சாட்சி சொல்ல அவரை நான் கட்டாயப்படுத்தவில்லை. இதைச் சொன்னால் பழி தன் ஆட்கள் மேல் வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாம் நாள் அவரே திண்டிவனத்துக்கு பஸ் ஏறி வந்தார். "தூங்கி வண்டியக் கவுத்தவன் பொண்டாட்டின்னு அஞ்சலைய உப்பளத்துல பேசறாளுங்க. அது காதுல வாங்கிட்டு நான் சோறு துண்ண முடியல. அதிகாரிகிட்ட கூட்டிப்போங்க" என்றார். போனோம். சொன்னார். கைநாட்டு வைத்தார்.

அறிக்கை பழியை அவர் மேல் போடவில்லை. சரக்கை அனுப்பியவர்கள் கார்பைடைச் சுண்ணாம்புக்கல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஏற்றுகிறவர்களுக்கும் ஓட்டுகிறவனுக்கும் உண்மையைச் சொல்லவில்லை. 'நனைந்தால் ஆபத்து' என்று காட்டும் நீலச் சாய்சதுரத்தைப் பெட்டியின் நான்கு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம்கூட ஒட்டவில்லை. பீப்பாய்களுக்கு இடையே கட்டை கொடுத்து, பட்டை போட்டு இறுக்கச் சொல்லவும் இல்லை. இவ்வளவும் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது.

தனகோட்டி இப்போதும் கன்டெய்னர் ஏற்றப் போகிறார். அந்த எச்சரிக்கைச் சாய்சதுரங்களுக்கு நீலப் பொட்டு, சிவப்புப் பொட்டு என்று அவரே பெயர் வைத்திருக்கிறார். "பொட்ட ஒட்டு, அப்பறம் ஆள எறக்கறேன்" என்கிறாராம். கட்டை வராமல் பெட்டியின் கதவைச் சாத்த விடுவதில்லையாம். போன வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தேன். நீலப் பொட்டு வைத்த ஒரு பெட்டி, உன் வளைவில் நிதானமாகத் திரும்பிப் போயிற்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அஞ்சலையிடம் அறிக்கையை நேற்று சாயங்காலம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "சக்கர ஜாஸ்தின்னு சண்ட போட்டத எழுதலியா அதுல?" என்றாள். இன்று காலை மறுபடியும் உப்பளத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறாள்.

இன்னும் ஒன்று பாக்கி. போலீஸ் பதிவில் 'ஓட்டுநரின் அஜாக்கிரதை' என்ற வரி அப்படியே இருக்கிறது. அதை நீக்கக் கோரும் மனு திண்டிவனம் கோர்ட்டில் இருக்கிறது. அறிக்கையையும் இன்று சேர்த்துக் கொடுத்துவிட்டோம். மாசி முதல் வாரத்தில் உத்தரவு வரும் என்று வக்கீல் சொல்கிறார். உத்தரவு வந்த மறுநாள் திருத்தம் வரும், அதே பக்கத்தில், அதே இடத்தில். ஆசிரியரிடம் பேசிவிட்டேன்.

அன்று நான் எழுதிய நாலு வரியில் உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. இந்த முறை இரண்டும் இருக்கும், மச்சான். சத்தியம்.

உன் அஞ்சலையின் அண்ணன்,
உனக்கு ஒரு திருத்தம் பாக்கி வைத்திருக்கும் மச்சான்.