ஆறு விரல் காட்டிய நாள்

அன்புள்ள பேத்திக்கு,

பாட்டி எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிவிட்டுத் தவிக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழையைப் பொறுத்துக்கொள்.

உன் அம்மாவுக்கு வயிற்றில் இருப்பது சாதாரணக் கட்டி இல்லையம்மா. பரிசோதனை முடிவு சொல்லும் நாளில், காது கேட்காதவளுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் முன்பே மனுக் கொடுத்திருந்தேன். போனால், அவர் செவ்வாய் மட்டும்தான் வருவாராம், அன்று வியாழன். கவுண்டரில் இருந்த மூக்குக்கண்ணாடிக்காரி, "அதான் நீங்க கூட இருக்கீங்களே பாட்டி, நீங்களே சொல்லிடுங்க" என்றாள், பஸ் நம்பர் சொல்வதுபோல. செத்தாலும் அவள் முகம் எனக்கு மறக்காது.

டாக்டர் என்னையே பார்த்துப் பேசினார். "எல்லா இடத்துக்கும் பரவிடுச்சு. ஆறு மாசம் தாங்கினா பெரிசு" என்றார். உன் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு விரல் காட்டினேன். மாதம் என்று காட்டினேன். அப்புறம் கட்டைவிரலைத் தூக்கிவிட்டேன், சரியாகிவிடும் என்று. அவள் சிரித்தாள். "தைரியமான பொண்ணு" என்றார் டாக்டர்.

தையல் மெஷினுக்கு மேலே சுவரில் மாதத்துக்கு ஒரு கோடு போடுகிறாள், சாக்கட்டியால். மூன்று விழுந்துவிட்டது. ஆறு முடிந்ததும் தைத்துத் தருவதாகப் பள்ளிச் சீருடைத் துணி எழுபது வாங்கி, உன் கட்டில் மேல் அடுக்கியிருக்கிறாள்.

முந்தாநாள், வலி கூடுகிறதே ஏன் என்று கேட்டாள். மறுபடி கட்டைவிரலைத் தூக்கினேன். அந்த விரலைப் பிடித்து மடக்கிவிட்டு, என் முகத்தைச் சுட்டிக்காட்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிவிட்டால் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேச முடியாது, உனக்குத் தெரியும்.

உன் அப்பா விபத்தில் போன அன்று உனக்கு ஒன்பது வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில், அம்மாவிடம் உன்னைத்தான் சொல்லச் சொன்னார்கள். மஞ்சள் கவுன், ஒரு செருப்பில் வார் அறுந்திருந்தது. சொல்லி முடித்ததும் அவள் தரையில் விழுந்தாள். நீ அழவில்லை. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று நர்ஸைத் திரும்பிப் பார்த்தாய். அந்த நர்ஸையும் நான் மறக்கவில்லை. நீ தூரதேசம் போனபோது, பெற்றவளை விட்டுவிட்டு ஓடுகிறாள் என்று உன்னை ஏசினேன். அதையும் மறக்கவில்லை.

அடுத்து பார்க்கும் தேதியைச் செவ்வாய்க்கு மாற்ற முடியாது என்றார் டாக்டர். அவர் அறை வாசலில் நான்கு நாள் உட்கார்ந்தேன். பதினேழாம் தேதி, செவ்வாய், பத்து மணி என்று எழுதி வாங்கிவிட்டேன். மொழிபெயர்ப்பாளரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சொல்ல வேண்டியதை அவர் சொல்லட்டும். கேட்க வேண்டியதை உன் அம்மா டாக்டரிடமே கேட்கட்டும்.

உன்னை அங்கே பேசக் கூப்பிடவில்லை, கண்ணு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள். கையை மடியில் வைத்துக்கொள். அழுகை வந்தால் அழு.

பதினாறாம் தேதிக்குள் வந்துவிடு. உண்மை தெரிந்த பிறகு என்னைக் கண்டால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள், அது எனக்கு வேண்டியதுதான். உன்னைப் பார்க்கவாவது திறந்து வைத்திருக்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்,
பாட்டி