உன் தங்கச்சி வயித்துல இருந்தது வெறும் காத்து

அதெல்லாம் கிடக்கட்டும் பெரியவளே, வேலை எப்படிப் போகுதுன்னு பிறகு எழுது, சாயங்காலமானா வயிறு கல்லாட்டம் உப்பிக்குதுன்னு போன கடிதாசில ஒத்த வரி எழுதியிருந்தியே, அதைப் படிச்சதிலிருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீ சுகமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் எழுதுறேன். சித்தப்பா நல்லா இருக்கார், நான் இருக்கேன், அவ்வளவுதான்.

உன் தங்கச்சி வீட்டை விட்டுப் போய் இன்னியோட பதினெட்டு நாள். கம்பெனிக்குப் பக்கத்துல விடுதியில இருக்கா. உன்கிட்டச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். அவளுக்கும் இதே வயிறுதான், மூணு மாசமா உப்பிக்கிட்டே வந்துச்சு, இடுப்புப் பட்டன் போட முடியல, தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிட்டா. எதிர்வீட்டுக்காரி, அதான் நாம ரேடியோன்னு சொல்லுவோமே, அவ வந்து எத்தனை மாசம்னு என்கிட்டயே கேட்டா. அவ வாயை அடைக்க வேண்டிய நான், பாவி, அன்னிக்கே உன் தங்கச்சியைச் சாமி படத்துக்கு முன்னால நிறுத்தி யாருடி அவன்னு கேட்டேன். அவ அழல. "பெத்தவளா இருந்தா இப்படிக் கேட்டிருப்பியா சித்தி"ன்னு மட்டும் கேட்டா. உங்க அம்மா கண்ணை மூடின நாள்லேருந்து உங்க ரெண்டு பேர் வாயிலயும் பெத்தவங்கிற அந்த வார்த்தை வந்ததில்ல. அதோட விட்டேனா, டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனேன். அவங்க அமுக்கிப் பாத்து, ஸ்கேனும் எடுத்துட்டு, "உள்ள புள்ளையும் இல்ல பூதமும் இல்ல, காத்தும் மலச்சிக்கலும்தான்"னாங்க. தையல் கம்பெனில சாப்பிடப் பத்தே நிமிஷமாம், மெல்லாம முழுங்குறப்ப காத்தும் சேந்து உள்ள போகுதாம், கண்ணு சொக்காம இருக்க பபிள்கம், நடுவுல சோடா. கக்கூசுக்குப் போனா சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பாப்பானாம், அதுக்குப் பயந்து தண்ணியே குடிக்கிறதில்லையாம், வந்தாலும் அடக்கிக்குவாளாம். இத்தனையும் டாக்டரம்மா கேட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நான் ஒரு நாள் கேக்கல.

ஞாயித்துக்கிழமை விடுதிக்குப் போனேன், தூங்குறான்னு வார்டன் சொல்லி அனுப்பிட்டா, மாடி ஜன்னல்ல அவ நிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. அவளைத் திருப்பி அனுப்புன்னு சாமிகிட்டக் கேக்கவும் வாய் வரல, அது முன்னாலதானே அவளை நிறுத்தினேன். இனி வருவாங்கிற நம்பிக்கை எனக்கில்ல.

நீயாவது கேளு. போனைப் பாத்துக்கிட்டே அள்ளிப் போடாம மென்னு தின்னு, தண்ணி நிறைய குடி, சோடாவைத் தொடாதே, சாப்பிட்டதும் படுக்காம நாலு தெரு நட. பால் குடிச்சா உப்புதா, பயறு தின்னா உப்புதான்னு கவனிச்சு வை. ரெண்டு வாரத்துல அடங்கலன்னாலோ வலிச்சாலோ எடை குறைஞ்சாலோ டாக்டரைப் பாரு, ரேடியோ சொல்ற கஷாயமெல்லாம் வேணாம்.

உன் உடம்புக்கு ஒரு குறையும் வராம கடவுள் காப்பாத்தட்டும். தங்கச்சிக்கு மறக்காம போன் பண்ணு, எனக்காகப் பேச வேணாம், சாப்பிட்டியான்னு மட்டும் கேளு.

உங்களை வளத்த
சித்தி

கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஞாபகம் வருது, நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போற வயசுல, வெளியில எங்கயும் கக்கூஸ் எங்கன்னு கேக்கக்கூடாது, பொம்பளப் புள்ள வீடு வர்ற வரைக்கும் அடக்கிக்கணும்னு சொல்லிக் கொடுத்தது நான்தான்.