வைரவருக்கு வடைமாலை

வட்டக்கச்சி
12.07.1961

அன்புள்ள அம்மா,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் கால்வீக்கம் வற்றிவிட்டதா?

போன வெள்ளி வைரவர் கோயிலில் மடைப் படையல் முடிந்து உழவு இயந்திரத்தில் திரும்பினோம். ஓட்டிவந்த கனகலிங்கம் கஞ்சா மயக்கத்தில் வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டான். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டுந்தான், பயப்படாதீர்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது.

மடையில் படைக்கிற கஞ்சாவைத்தான் பெடியள் புகைக்கிறார்கள். வாசிகசாலையில் இரண்டு கூட்டம் வைத்துப் பேசினேன். "பிரசாதத்தை வேண்டாமெண்டு சொல்லலாமோ, மாஸ்ரர்?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்கள்.

பேச்சை விட்டேன். வீடுவீடாக ஏறி இறங்கி, தாய்மாரைக் கூட்டிக்கொண்டு பூசாரி வீரகத்தியரிடம் போய், இனிக் கஞ்சா படைக்க வேண்டாமென்று கேட்டேன்.

"அப்ப வைரவருக்கு என்னத்தைப் படைக்கிறது?"

"வடைமாலை," என்றேன்.

"ஆர் சுடுறது?"

கனகலிங்கத்தின் தாய் முந்திக்கொண்டா. "பெடியளே சுடட்டும். மாஸ்ரர் காட்டிக் குடுப்பார்."

ஓம் என்றுவிட்டேன், அம்மா. குசினிப் பக்கமே வராத உங்கள் மகன்!

அடுத்த மடைக்கு மூன்று வாரந்தான் இருக்கிறது. உளுந்து எவ்வளவு நேரம் ஊற வேண்டும், மிளகு எவ்வளவு என்று உடனே எழுதுங்கள். தங்கச்சியைக் கொண்டு எழுதுவிக்காமல் உங்கள் கையாலேயே எழுதுங்கள், அந்தக் கையெழுத்தைப் பார்த்துக் கனநாள். தபால்காரர் சைக்கிளோடு வாசலில் நிற்கிறார்.

வடை கருகினால் வைரவர் பொறுத்துக்கொள்வார். ஆனால் பெடியள் பழைய பிரசாதத்தைத்தான் கேட்பார்கள்.

உங்கள் மகன்,
அருளம்பலம்