எழுபதாயிரத்தில் ஒன்று

7 வெள்ளி
விடிந்ததிலிருந்து மழை. எண்ணுவதற்குக் கழுவிய புளியங்கொட்டை காயவில்லை. 23ஆம் திகதி மகன் நிஸார் மௌத்தாகி நாற்பதாம் நாள், கத்தம் ஓதல். அதற்குள் அவன் பேருக்கு எழுபதாயிரம் கலிமா. ஓதி முடித்தால் மௌத்தானவரை நரக நெருப்புத் தீண்டாது என்பார்கள்.

நான், மகள்மார் ரிஸ்வானா, பஸ்மியா. மூன்று பேர். பள்ளிவாசல் லெப்பை சொன்னார்: "பங்கு பிரிச்சு மனசுல நிய்யத் வெச்சா அது அவங்கவங்கட அமானிதம், அவங்களேதான் ஓதணும். பொறகு மாத்தப்படா."

பஸ்மியா போனில் பிரித்தாள். 23,333. பிறகு புள்ளி. பிறகும் மூன்று, மூன்று, மூன்று.

"உம்மா, ரெண்டால பிரியும், நாலால, அஞ்சால, ஏழால, எட்டாலயும் பிரியும். மூண்டாலதான் ஏலா. ஒண்டு மிஞ்சுது. ஹஸீனா மச்சியச் சேத்தா நாலு பேர். சுத்தமாப் பிரியும்."

ஹஸீனா நிஸாரின் பெண்சாதி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனுக்கு வாய்வு என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தவள். அடுத்த தெருவில், அவளின் சீதன வீட்டில், வெளியே வராமல் இத்தா இருக்கிறாள்.

"மிஞ்சினத்த அவளுக்குக் குடு."

"ஒண்டையா?"

"ஒண்டேதான். அவளுக்கு அதே கூட. அவன் பெத்தவள்ட ஓதல்லதான் சுவர்க்கம் போகணும்."

ரிஸ்வானா சிரித்தாள். நானும். அவன் போன பிறகு முதல் சிரிப்பு.

8 சனி
பஸ்மியா ஹஸீனாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அழுதாளா என்று கேட்டேன். இல்லையாம். "சரி, வாங்கிக்கிட்டன் எண்டு மாமிக்கிட்டச் செல்லு" என்றாளாம்.
சீனி இல்லை. தேங்காய் இரண்டு.

14 வெள்ளி
வெயில். முழங்கால் நோவு. ஓத ஓத, இந்தச் சட்டியிலிருந்து அந்தச் சட்டிக்குக் கொட்டை. பெருநாளைக்கு வந்த நிஸார் விட்டுப்போன சாரன் இன்னும் கொடியில். எடுக்கவில்லை.
ரிஸ்வானா ஓதாமல் போன் பார்த்தாள். அறைந்தேன்.

22 சனி
மூவரும் முடித்தோம். அவளின் ஒன்று வரவில்லை. பஸ்மியாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள்: "மாமி வந்து கேட்டா ஓதுறன்."
எவ்வளவு திமிர்.

23 ஞாயிறு
காலையில் சோறு அடுப்பில் ஏறியதும் போனேன். பாயில் இருந்தாள். வலது பெருவிரலில் தோல் உரிந்து, பக்கத்தில் எண்ணுகிற கவுண்டர்.

"ஓதினியா?"

"ஒங்கட ஒண்டு அப்பிடியே இரிக்கி மாமி. என்ட மனிசனுக்கு எழுபதாயிரமும் நான் தனியா ஓதிட்டன். ஒரு ஆளால பிரிச்சா மிச்சமே வராது."

கவுண்டரை எடுத்துப் பார்த்தேன். 70,000.

"பெத்தவள்ட கணக்கு குறையாமப் போகணுமெண்டாக் கேளுங்க. 'ஓது புள்ள' எண்டு ஒரு சொல்லுத்தானே."

வாய் வரை வந்தது. அந்த விரலைப் பார்த்தேன். எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் சாம்பிராணி, ஆட்கள். லெப்பை கேட்டார்: "எழுபதாயிரமும் சரியா உம்மா?"

பஸ்மியா என் முகத்தையே பார்த்தாள்.

"ஓம்" என்றேன். அவர் கையேந்தினார்.