சுருள் காந்துது

பள்ளி முதல்வர் வேண்டாம் என்று சொல்லியும் இன்று காலை ஆய்வகத்தில் சுருளுக்குக் கரண்ட் கொடுத்தேன். செம்புக் கம்பியின் வார்னிஷ் வாடை கிளம்பியது. உன்னை நினைக்காமல் எப்படி இருப்பேன்? நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

எல்லாம் நம் மாணவி ஒருத்தியின் அம்மா கேட்டதில் தொடங்கியது. வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் தைப்பவர். "மிசின் மோட்டாரு நாளெல்லாம் முழங்காலுக்குப் பக்கத்துலயே ஓடுதுங்க. அதோட காந்தம் உடம்புக்கு ஆகுமாங்க?" நமக்குப் பதில் தெரியவில்லை. உயிரியல் ஆசிரியைகள் என்று பேர் பெத்த பேர்தான். மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒரு சுருள் சுற்றி வாங்கினோம். சுருளுக்குள் ஒரு தட்டு ஈஸ்ட் செல்கள், தள்ளி இன்னொரு தட்டு.

உள்ளே இருந்தவை மளமளவென்று பெருகின. நோட்டில் உன் கையெழுத்து: "சுருள் நல்லாக் காந்துது." ஆகா, காந்தம் வேலை செய்கிறது என்று ஆசிரியர் அறை முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "ஏம் புள்ள, சுடுதுன்னு எழுதுனா காந்தம்னா படிப்ப? செல்லு சூட்டுல பெருகுச்சோ என்னமோ!" இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த வாரமே கம்பியை மடித்து இரட்டையாகச் சுற்றிய சுருளோடு வந்தாய். சூடு அதே அளவு இருக்கும், எதிரெதிராக ஓடும் கரண்ட்டில் காந்தம் மட்டும் அழிந்துவிடும்; அதிலும் செல்கள் பெருகினால் காரணம் சூடுதான். உனக்குத்தான் அந்த மூளை.

அதை ஓட்டிப் பார்ப்பதற்குள் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

சாவு வீட்டிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். "காந்தத்தோட வெளையாடுனா வேற என்ன ஆகும்? தானாத் தேடிக்கிட்டது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுருளைத் தூக்கிப் போடச் சொன்ன முதல்வரிடம், "என்னையும் சேத்துத் தூக்கிப் போடுங்க" என்றேன். ஈஸ்ட்டை வைத்து உன் சாவுக்குக் காரணம் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். தெரியாததைத் தெரிந்த மாதிரி யாரும் அளக்கக் கூடாது, அவ்வளவுதான்.

போன வாரம் உன் மகள் வந்தாள். "அந்தக் காந்தத்தாலதானுங்களா பெரீம்மா?"

இல்லை என்று சொல்லித் தேற்றியிருக்கலாம். "தெரியல கண்ணு. யாருக்குமே தெரியாது" என்றேன்.

"அப்ப நான் அம்மா மேல கோவப்பட வேண்டாமுங்களா?" என்று கேட்டாள்.

ஏழு மாதமாக அந்தக் குழந்தை இதைச் சுமந்திருக்கிறது! கட்டிக்கொண்டு அழுதேன். அவள் சுமந்த அந்தக் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது; அதனால்தான் நீ ஓட்டாமல் விட்டுப்போன இரட்டைச் சுருளுக்கு இன்று கரண்ட் கொடுத்தேன். இனி எவராவது என் காதுபட உன்மேல் பழி போடட்டும், பார்த்துக்கொள்கிறேன்.