சுருண்டு வந்த நரம்பு

அன்பு குறையாத என் சம்பந்தி அவர்களுக்கு,

இந்த ‘அவர்களுக்கு’ உங்களுக்குச் சிரிப்பு மூட்டும் என்று தெரியும். தூண்டிலோடு முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, “சம்பந்தி, செத்த தள்ளி வீசுங்க, என் சட்டைய மாட்டிட்டீங்க” என்று மரியாதை குறையாமல் திட்டிக்கொண்ட கிழவர்கள் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் நம்மைத் தவிர வேறு யார்? நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னும் உங்களை ஒருமையில் எழுதக் கை வரவில்லை.

தை பிறந்துவிட்டது. மழைத் தண்ணீர் வடிந்து ஆறு தெளிந்திருக்கிறது. அலையாத்திச் செடிகளின் ஓரத்தில் மடவைக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. அவற்றைத் தின்னப் பின்னாலேயே கொடுவா மீன் வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குக் கைப்பேசியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “தண்ணி வத்துது, கெளம்புங்க” என்று சொல்ல ஆள் இல்லை. நானே கிளம்பினேன்.

கரையில் போய் உட்கார்ந்ததும் வழக்கம்போல முதலில் உங்கள் தூண்டில் ராடை எடுத்து முடிச்சுப் போட்டு, ரப்பர் மீனைக் கோத்து, ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டேன். பிறகு என்னுடையதை எடுக்கும்போதுதான் உறைத்தது. உங்கள் ராடு எப்படி என்னிடம் என்று கேட்பீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு சம்பந்தி அம்மாதான், “இங்க இருந்தா தூசுதான் படியும், நீங்க எடுத்துப் போங்க” என்று கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நம் கதை ஊருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் கவிதாவை உங்கள் மகன் பிரபுவுக்குக் கொடுத்து முதல் இரண்டு வருடம் நாம் பேசியதெல்லாம் “சாப்டீங்களா”, “மழ உண்டா” இவ்வளவுதான். பெண்ணைக் கொடுத்தவன் அந்த வீட்டில் நாற்காலி நுனியில்தான் உட்கார வேண்டும். அடிக்கடி போய் நிற்கவும் கூடாது. மனைவியை இழந்து டவுனில் சாரம் பகுதி வீட்டில் தனியாகக் கிடந்த எனக்கு மகளைப் பார்க்க வேண்டும் என்றால் தீபாவளியும் பொங்கலும் வர வேண்டும்.

அப்படியொரு பொங்கல் சீர் கொண்டு வந்த அன்றுதான் நீங்கள் ஒரு பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தீர்கள். பிரான்சில் இருக்கும் உங்கள் தம்பி அனுப்பியது. உள்ளே விரல் நீளத்துக்குக் குட்டிக் குட்டி ரப்பர் மீன்கள், வால் மட்டும் தொட்டால் துடிக்கிற மாதிரி. “சம்பந்தி, இதுல தூண்டி நரம்பு கோத்துக் குடுங்களேன். சக்கர வந்ததுலேர்ந்து கிட்டக் கண்ணு சுத்தமா தெரியல” என்றீர்கள். பஞ்சாலையில் இருபத்தாறு வருடம் அறுந்த நூலை முடிந்தவன் நான். சட்டென்று முடிந்து கொடுத்தேன். “இன்னாங்க, மெஷினு மாதிரி இருக்குது” என்றீர்கள். ஆலை மூடிய பிறகு என் விரல்களை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு ஆற்றுக்கு வந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் வந்தேன். மீன்பிடி என்ற பெயரில் எனக்கு அரியாங்குப்பத்துக்கு வாராவாரம் வர உரிமை கிடைத்துவிட்டது. திரும்பும்போது உங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி, கவிதாவின் முகம். இதை நான் உங்களிடம் சொன்னதில்லை. தெரிந்துதான் கூப்பிட்டீர்களோ?

வீராம்பட்டினத்து வலைக்காரர்கள் படகில் போகும்போது நம்மைக் கேலி பண்ணாத நாள் கிடையாது. “ரப்பரக் காட்டி மீனக் கேக்குறீங்களே பெரியவரே, இன்னா ஏமாந்த மீனு அது?” என்பார்கள். நீங்கள் பதில் சொல்லவே மாட்டீர்கள். நரம்பை ஆள்காட்டி விரலில் படிய விட்டு, ராடு நுனியைக் கொஞ்சமாகத் தூக்கி, அந்தக் குட்டி ரப்பரை ஆற்றுத் தரையில் விழ விட்டுக் காத்திருப்பீர்கள். நான் அவசரப்பட்டு ரீலைச் சுற்றினால், “தூஸ்மா, சம்பந்தி, தூஸ்மா” என்று சொல்வீர்கள். மெதுவாக என்பதற்கு உங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து புழங்கும் பிரெஞ்சு வார்த்தை.

இந்த வகை மீன்பிடியில் கொடுவா பிடித்து இழுக்காது. ரப்பர் கீழே இறங்கும்போது வாயைத் திறந்து உள்ளே உறிஞ்சும், பிடிக்கவில்லை என்றால் அடுத்த நொடி துப்பிவிடும். அந்த ஒரு நொடி விரலுக்குத் தெரிய வேண்டும். எனக்குப் பத்தில் எட்டு தெரியாது. பக்கத்தில் நிற்கும் என் முகமே மங்கலாகத் தெரிகிற உங்களுக்குப் பத்தும் தெரியும். கண் என்னுடையது, கை உங்களுடையது என்று நாம் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

சரி, எவ்வளவு நேரம்தான் சுற்றி வளைப்பது? போன மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று வெயில் சாயும் நேரத்தில் எதிர்க்கரை ஓரமாகத் தண்ணீர் கொதித்தது. மடவைக் குஞ்சுகள் சிதறிப் பறந்தன. பெரிய கொடுவாக்கள் மேய வந்துவிட்டன என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் நரம்பு கல்லில் மாட்டி அறுந்தது. மெல்லிய நரம்பின் நுனியில் ஒரு முழம் தடித்த நரம்பைச் சேர்த்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி அறுத்துவிடும். அந்த முடிச்சைப் பத்துச் சுற்று சுற்றி, எச்சில் தொட்டு, மெல்ல இறுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. நீங்கள் தண்ணீர்ச் சத்தம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஆச்சா சம்பந்தி? ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

நான் மில் முடிச்சைப் போட்டேன்.

வேண்டும் என்று போடவில்லை. அவசரத்தில் விரல்கள் தாமாகவே பழைய வேலையைச் செய்துவிட்டன. தறி நிற்கக் கூடாது என்று மூன்று விநாடியில் போடும் முடிச்சு அது. பருத்தி நூலில் போட்டால் சாகிற வரை நிற்கும். வழவழப்பான நரம்பில் நிற்காது. போட்டு முடித்த அந்தக் கணமே எனக்குத் தெரியும். பிரித்துப் போடலாமா என்று நினைத்தேன். அதற்குள் “ஆச்சா?” என்றீர்கள். “ஆச்சு” என்று கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது வீச்சிலேயே அது எடுத்தது. எனக்கு எதுவுமே தெரியவில்லை. நரம்பு ஆடவில்லை, நுனி அசையவில்லை. நீங்கள் மட்டும் “ம்” என்றீர்கள், மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பினீர்கள், ராடு வளைந்தது. அந்த மீன் வெளியே குதித்துத் தலையை உதறியபோது நான் வாய் பிளந்து நின்றேன். அவ்வளவு பெரிய கொடுவாவை அந்த ஆற்றில் நான் பார்த்ததில்லை. ஆற்றுப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள் அதை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கால் மணி நேரம் அதோடு பேசிக்கொண்டே நடந்தீர்கள். கடைசியில் அது களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து, கரைக்கு ஒரு ஆள் நீளம் இருக்கும்போது, ராடு சட்டென்று நிமிர்ந்தது. மீன் போய்விட்டது.

நீங்கள் நரம்பைச் சுற்றி முடித்ததும் நுனியை நான் பிடித்தேன். அது பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. செவுள் அறுத்திருந்தால் நுனி பிசிறடித்திருக்கும். சுருண்டு வந்தால் முடிச்சு நழுவியது என்று அர்த்தம். ராடு பிடித்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும், உங்களுக்கும் தெரியும். கையில் கொடுத்திருந்தால் தடவியே கண்டுபிடித்திருப்பீர்கள். “இன்னா ஆச்சு சம்பந்தி?” என்று நீங்கள் கையை நீட்டினீர்கள். நான் கழுத்தில் தொங்கிய நகவெட்டியை எடுத்துச் சுருளை வெட்டிச் சேற்றில் போட்டுவிட்டு, “அறுத்துட்டுப் போயிடுச்சுங்க. கடைசியில கொஞ்சம் இறுக்கிப் புடிச்சிட்டீங்க போல” என்றேன்.

மீன் அறுத்தது என்ற முதல் பொய்யே போதாதா? உங்கள் கை மேல் பழி போட்ட இரண்டாவது எதற்கு? நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெண்ணைக் கொடுத்தவன் தப்புப் பண்ணக் கூடாது, சம்பந்தி. கல்யாணத்தில் பந்தி பத்து நிமிடம் தாமதமானதற்கே உங்கள் பக்கத்து ஆட்கள் இன்றுவரை குத்திக்காட்டுகிறார்கள். சம்பந்தி கட்டின முடிச்சு அவிழ்ந்துபோச்சு என்று உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாள் சிரிப்பார்கள், கவிதா காதில் விழும். அந்த ஒரு நொடியில் அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

நீங்கள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “கண்ணுதான் போச்சுன்னு பாத்தேன், கையும் போச்சா” என்றீர்கள். அடுத்த ஞாயிறு நான் கூப்பிட்டபோது முட்டி வலி என்றீர்கள். அதற்கடுத்த வாரம் தலை சுற்றல். பிறகு நானும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவன், கூப்பிடாமலே இருந்துவிட்டேன். ஆனி மாதத்தில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் பந்தியில் மாப்பிள்ளை தன் சிநேகிதர்களிடம் அந்த மீன் கதையைச் சொன்னார். ஆசையாகத்தான் சொன்னார். “அவ்ளோ பெரிய மீன கரை வரைக்கும் கொண்டாந்து கோட்ட விட்டாரு எங்கப்பா. அன்னிக்கே கை போயிடுச்சுன்னு அவரே சொல்லுவாரு.” எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் எனக்கு நன்றாக இல்லை. ஆற்றுக்குப் போனால் நீங்கள் இல்லை என்பது ஒரு தனிமை. உங்களைப் பற்றிய ஒரு பொய்யோடு நான் மட்டும் நிற்கிறேன் என்பது அதைவிடக் கொடுமையான தனிமை, சம்பந்தி.

போன ஞாயிறு இருட்டுவதற்கு முன்பே கிளம்பி, சேற்றுக் காலோடு உங்கள் வீட்டுக்குப் போனேன். சம்பந்தி அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். “வாங்கண்ணா, எத்தினி மாசம் ஆச்சு” என்றார்கள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மில் முடிச்சு, நகவெட்டி எல்லாம். உள்ளே கவிதா அடுப்பைச் சிறிதாக்கும் சத்தம் கேட்டது.

சம்பந்தி அம்மா கையிலிருந்த அவரைக்காயைக் கீழே வைத்தார்கள். பிறகு, “நீங்க சொன்ன பொய்யால எனக்கு ஒரு நல்லதும் நடந்துச்சு” என்றார்கள். “அந்த நாலு மாசம் சாயங்காலம் பூரா என்கூடவே இருந்தாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படி இருந்ததே இல்ல. பழைய கதையெல்லாம் பேசினாரு.” எனக்கு மூச்சு வந்தது. அவர்கள் நிறுத்தவில்லை. “ஆனா தெனமும் சாப்பிட உக்காந்தா கைய நீட்டுவாரு. நடுங்குதா பாருன்னுவாரு. இல்லவே இல்லம்பேன். எனக்காகச் சொல்றேன்னு நெனச்சிக்குவாரு. கடைசி வரைக்கும் நம்பவே இல்ல. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருப்பாருண்ணா.”

அவர்கள் கோபப்பட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை வந்தார். அவரிடமும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, “பரவால்ல மாமா” என்றார். பரவாயில்லை என்று முகம் சொல்லவில்லை. இனி அந்த வீட்டில் எனக்கு நாற்காலி நுனிகூடக் கிடைக்குமா, தெரியாது. கவிதா வாசல் வரைக்கும் வந்து, “இத்தினி நாளு எப்படிப்பா வெச்சிருந்த?” என்று மட்டும் கேட்டாள்.

ஆனி மாதம் உங்கள் வருடத் திதி வருகிறது. பிரான்சிலிருந்து உங்கள் தம்பி வருகிறாராம். பந்தியில் யாராவது அந்த மீன் கதையை எடுக்காமல் இருக்க மாட்டார்கள். எடுக்காவிட்டால் நானே எடுப்பேன். என்னை இலைக்கு முன்னால் உட்கார வைத்தாலும் சரி, பந்தலுக்கு வெளியே நிற்க வைத்தாலும் சரி, பாதிப் பார்வை போன ஒரு மனிதர், கண் நன்றாக இருந்த எனக்கே தெரியாமல் வந்து தொட்ட மீனை விரலால் கண்டுபிடித்தார் என்றும், ஒரு தப்பும் பண்ணாமல் அதைக் கரை வரை கொண்டுவந்தார் என்றும், அவரிடம் நிற்காத முடிச்சைக் கொடுத்தவன் நான் என்றும் எல்லார் காதிலும் விழச் சொல்வேன். உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, சம்பந்தி. நடுங்கினது என் கை.

மகளைக் கொடுத்தும் உண்மையைக் கொடுக்காமல் போன,
சாரத்துச் சம்பந்தி