பலகை உடைந்ததற்கு நீ சொன்ன காரணம்

கடலூரில் புதிதாகக் கட்டியிருக்கும் உள்விளையாட்டு அரங்கத்தில் உன் படத்தைத் திறந்து வைக்கிறார்களாம். அழைப்பிதழ் இன்று காலை சிதம்பரத்துக்கு, என் வீட்டுக்கு வந்தது. உன் பெயருக்குக் கீழே ‘நேர்மையான ஆட்டக்காரர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். படித்ததும் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். நீ செத்து இரண்டு மாதம் ஆகிறது. செத்தவரைத் திட்டக் கூடாது என்கிறாள் என் மனைவி. உயிரோடு இருந்தபோதே திட்டாமல் விட்டதுதான் என் குறை.

அறுபதுகளில் கடலூரில் நமக்கு வாய்த்த அரங்கம், வேர்க்கடலை மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய மல்லாட்டைக் கிடங்கு. தகரக் கூரை, பலகைத் தரை, நடுவே ஒரு ஷட்டில் கோர்ட். மழையிலும் ஆடலாம் என்பதால் திட்டக்குடியிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். நாம் சனிக்கிழமைதோறும் சிதம்பரத்தில் ரயிலேறிப் போவோம். கிளப்புக்கு நீ செயலாளர். இரட்டையர் ஆட்டத்தில் எனக்கு ஜோடி.

மாவட்ட இறுதிப் போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்க மழை. கூரை ஒழுகி, வலைக்குப் பக்கத்தில் ஒரு பலகை ஊறிப்போயிருந்தது. போட்டியன்று காலையில் கிடங்குக் காவல்காரர் அதை உனக்குக் காட்டினார். போட்டி நின்றுவிடக் கூடாதென்று நீ அதன்மேல் கோடு போடும் சுண்ணாம்புப் பொடியைத் தூவி மறைத்தாய். பல வருடம் கழித்து அவரே இதை என்னிடம் சொன்னார். அன்று எனக்குத் தெரிந்தது நீ சொன்னது மட்டும்தான்.

“இன்னைக்கு நீ முன்னால நில்லு மச்சான். பின்னால நான் பாத்துக்கறேன்.”

இரண்டாவது ஆட்டத்தில் என் வலது கால் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. முட்டி திருகிக்கொண்டது. அதன்பின் நான் ஓடியதே இல்லை.

கமிட்டி விசாரித்தது. உண்மையைச் சொன்னால் உன் பதவி போகும், மாநில அணியில் கிடைக்கவிருந்த இடமும் போகும். நான் குடித்துவிட்டு ஆடித் தடுமாறி விழுந்ததில்தான் பலகை உடைந்தது என்றாய். மதுவிலக்கு இருந்த காலம். அதைவிட, ஐந்து வேளையும் தொழுகிற வீட்டுப் பிள்ளை நான்.

ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியோடு வந்தாய்.

“ஏன்டா அப்படிச் சொன்ன?” என்றேன்.

“வேற என்ன சொல்றது மச்சான்? உனக்கு இனிமே ஆட்டமே இல்ல. நானாவது ஆடிட்டுப் போறேன்.”

“ஆடிக்க. எங்க வாப்பாகிட்ட மட்டும் வந்து உண்மையச் சொல்லிடு. அவரு என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாரு.”

“நாளைக்கே வர்றேன்.”

நீ வரவில்லை. எங்கள் வீட்டில் விருந்தென்றால் நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். வாப்பா எனக்கு மட்டும் தனித்தட்டு வைக்கச் சொன்னார். குர்ஆன்மேல் சத்தியம் செய்யப் போனேன். “அதத் தொடாத” என்றார். ஏழு வருடம் கழித்து அவர் மவுத்தாகிக் கபரில் அடங்கும்வரை எனக்குத் தனித்தட்டுதான். காவல்காரர் வாய் திறந்தது அதற்கும் பிறகு.

கடைசியில் நீ படுக்கையில் கிடந்தபோது உன் மகன் வந்தான்.

“அப்பா உங்கள ஒரு தடவ பாக்கணுங்கறாரு மாமா. மன்னிப்புக் கேக்கணுமாம்.”

“கேக்க வேண்டியது எங்க வாப்பாகிட்ட. அவரு கபருல இருக்காரு தம்பி” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அந்தப் பிள்ளையின் முகம் வாடியதற்கு வருந்துகிறேன். உனக்காக வருந்தவில்லை.

மன்னிப்பு என்னிடம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். இருப்பது வேறொன்று. இருபத்துமூன்று வயதில் நான் பட்ட சந்தோஷமெல்லாம் அந்தக் கிடங்குக்குள் உன்னோடு சேர்ந்து பட்டது. நீ தோளைத் திருப்பினால் போதும், இறகுப்பந்து எங்கே வரும் என்று என் காலுக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு ஆளோடு அதற்குப் பிறகு நான் எதிலும் சேர்ந்ததில்லை. அந்த நாட்களை நினைக்கப் போனால் நீயும் கூடவே வந்து நிற்கிறாய். உன்னை விலக்கிவிட்டு அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. உன்மேல் எனக்கு இன்னமும் ஆறாத கோபம் அதற்கும் சேர்த்துத்தான்.